இருளைப் பதிவு செய்தல்: வீடியோ கேம் காணொளிகளில் வெளிச்சத் திருத்தத்தின் வரலாறு

கணினியிலோ தொலைக்காட்சியிலோ ஒருவர் ஆடும் வீடியோ கேமைப் பதிவு செய்து பிறர் பார்க்கத் தரும் வழக்கம் 1990களில் வேர்விட்டு, அடுத்த பத்தாண்டுகளில் ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்தது. அதில் ஈடுபட்டோரை ஒரு தொல்லை தொடக்கம் முதலே விடாமல் துரத்திற்று. நிலவறைகளிலும் பாழடைந்த மாளிகைகளிலும் விளக்கணைந்த விண்வெளி நிலையங்களிலும் நடக்கும் விளையாட்டுகளை ஆடும்போது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த சுவரும் படிக்கட்டும் எதிரியும், பதிவான கோப்பைத் திறந்து பார்க்கையில் ஏறத்தாழ முழுக் கருமையில் அமிழ்ந்து கிடந்தன. எனவே பதிவைச் சுருக்கிக் காணொளிக் கோப்பாக மாற்றும் கட்டத்தில், அதாவது என்கோடிங்கின்போது, படத்தின் வெளிச்சத்தைத் திருத்துவது ஒரு நிலையான வேலைப்படியாக அமைந்தது. இத்திருத்தத்தைப் பதிவரின் ரசனை சார்ந்த ஒப்பனை என்றும், படைத்தவர் நினைத்த இருளைக் கெடுக்கும் செயல் என்றும் கருதியோர் உண்டு. ஆயினும் ஆடுபவர் கண்ட வெளிச்சத்தின் ஒரு பகுதி, பதிவுக்கு வந்த படத்துக்குள் எப்போதுமே இருந்ததில்லை என்பதையும், அது கண்ணாடிக் குழாயிலும் டிவியின் திருகிலும் வீடியோ கார்டின் ஓர் அட்டவணையிலும் குடியிருந்தது என்பதையும் இத்தொழிலின் வரலாறு ஐயமின்றிக் காட்டுகிறது.

சிக்கலின் வேர் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் இருக்கிறது. படக்குழாயின் பின்புறமுள்ள மின்னணுத் துப்பாக்கிக்குத் தரும் மின்னழுத்தத்தை இரட்டித்தால் திரையின் ஒளி இரட்டிப்பதில்லை. ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தால் ஒளியும் அதே கணக்கில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இந்த அடுக்கு உறவைக் குறிக்கும் எண்ணே காமா எனப்படுவது. படக்குழாய்களில் அது 2.2 முதல் 2.5 வரை இருந்தது. நிழற்பகுதிகளை இவ்வாறு அமுக்கிவிடும் குழாயின் இயல்பை ஈடுகட்டுவதற்காகத் தொலைக்காட்சி நிலையங்கள் கேமராவிலேயே அப்பகுதிகளை முன்கூட்டி உயர்த்தி அனுப்பின. மனிதக் கண்ணும் இருளில் சிறு வேறுபாடுகளை நுட்பமாக உணர்வதால், இந்த ஏற்பாடு தற்செயலாக இரட்டை நன்மை தந்தது. இருண்ட நிறங்களுக்குக் கூடுதல் படிகள் கிடைத்தன. ஒளிபரப்பில் சேரும் இரைச்சலும் நிழலில் அவ்வளவாகத் தெரியவில்லை.

படம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அதன் வெளிச்சம் முடிவாகிவிடவில்லை. டிவிப் பெட்டியில் பிரைட்னஸ் என்று எழுதியிருந்த திருகு கருமை எங்கே தொடங்க வேண்டும் என்பதையும், காண்ட்ராஸ்ட் என்று எழுதியிருந்த திருகு வெண்மை எவ்வளவு உயர வேண்டும் என்பதையும் தீர்மானித்தன. பெயரைப் பார்த்துத் திருகியவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிபிசியின் பொறியாளர்கள் பிரைட்னஸ் திருகை அளவோடு அமைப்பதற்காகவே புளூஜ் என்னும் சோதனைப் படத்தை உருவாக்கினர். முழுக் கருமைக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டையும் சற்று மேலே ஒரு பட்டையும் கொண்ட அந்தப் படத்தில், கீழ்ப்பட்டை மறைந்து மேற்பட்டை மட்டும் மங்கலாகத் தெரியும் வரை திருகைச் சுழற்ற வேண்டும். பிற்காலத்தில் பேய்க்கதை விளையாட்டுகள் தொடக்கத்திலேயே ஓர் அடையாளத்தைக் காட்டி, அது அரைகுறையாகத் தெரியுமளவுக்கு வெளிச்சத்தை அமைக்கச் சொல்லும் வழக்கம் இதே முறையின் எளிய வடிவந்தான். நிலையங்களில் முறையாகச் செய்யப்பட்ட இந்த வேலை வீடுகளில் நடக்கவில்லை. ஒவ்வொரு வீட்டின் இருளும் ஒவ்வொரு விதமாக இருந்தது.

கணினி விளையாட்டுகளில், படம் வேறு அதன் வெளிச்சம் வேறு என்னும் இந்தப் பிரிவினை நிரலுக்குள்ளேயே நுழைந்தது. அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட டூம் விளையாட்டில் எஃப்11 விசையை அழுத்தினால் திரை படிப்படியாக வெளிச்சமடையும். திருத்தமற்ற நிலையும் நான்கு திருத்த நிலைகளுமாக மொத்தம் ஐந்து நிலைகள் இருந்தன. 1997 இறுதியில் பொதுவில் விடப்பட்ட அதன் மூலநிரலைப் பார்ப்பவர், 256 எண்கள் கொண்ட ஐந்து வரிசைகள் அதில் அப்படியே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். டூம் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 256 நிறங்கள் கொண்ட ஒரு வண்ணப்பட்டியலில் எத்தனையாவது நிறம் என்பதை மட்டுமே குறித்துவைத்தது. எஃப்11 விசை புள்ளிகளைத் தொடாமல், அந்தப் பட்டியலை வெளிச்சமாக்கி வீடியோ கார்டுக்கு அனுப்பியது. ஆனால் அதே நிரலில் திரையைப் படமாக்கும் பகுதி, அதாவது ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் பகுதி, படத்தைக் கோப்பில் எழுதும்போது திருத்தப்படாத மூல வண்ணப்பட்டியலையே இணைத்தது. ஆடுபவர் நான்காம் நிலை வெளிச்சத்தில் ஆடியிருந்தாலும் அவர் எடுத்த படம் இருண்டே இருந்தது. பின்னாளைய தொல்லை முழுவதும் இந்தச் சிறு முரணில் அடங்கியிருக்கிறது.

அக்காலத்தில் அது பெரிதாக உறைக்காததற்குக் காரணம், ஆட்டத்தைப் படமாகப் பதிவு செய்யும் தேவை இல்லாமல் இருந்ததுதான். டூம் தன் பதிவுகளை எல்எம்பி என்னும் கோப்பில் எழுதியது. அதில் படம் ஏதும் இராது. நொடிக்கு 35 முறை, முறைக்கு 4 பைட் வீதம், முன்பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, திரும்பல், விசையழுத்தம் ஆகியவை மட்டும் குறிக்கப்பட்டன. ஒரு நிமிட ஆட்டம் 8,400 பைட்டில் அடங்கியது. அதே நிமிடத்தை 640க்கு 480 புள்ளி அளவில், நொடிக்கு 30 சட்டகமாகச் சுருக்காமல் பதிவு செய்தால் 165 கோடி பைட்டுக்கு மேல் ஆகும். முன்னது பாடலின் ஸ்வரக் குறிப்பு என்றால் பின்னது அதன் ஒலிப்பதிவு. குறிப்பை வாங்கியவர் தன் கணினியில் விளையாட்டை ஓட்டி, தன் திரைக்கேற்ற வெளிச்சத்தில் அந்த ஆட்டத்தை மீண்டும் நிகழ்த்திப் பார்த்தார். பதிவில் வெளிச்சமே இல்லாததால் அது தவறாகவும் வழியில்லை. 1996இல் வந்த க்வேக் விளையாட்டின் டெமோ கோப்புகளும் படம் இல்லாதவையே. 1997 ஜூனில் வெளியாகி, முழு விளையாட்டையும் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 நொடியில் முடித்துக் காட்டிய ‘க்வேக் டன் க்விக்’ என்னும் புகழ்பெற்ற பதிவும் அந்த வகையில்தான் பரவியது.

முப்பரிமாண வீடியோ கார்டுகள் பரவியபோது நிலைமை இறுகியது. ஐடி நிறுவனம் 1997இன் தொடக்கத்தில் வெளியிட்ட ஜிஎல்க்வேக் பதிப்பு இந்தக் கார்டுகளைப் பயன்படுத்திப் படத்தை மெருகேற்றியது. எனினும் மூலப் பதிப்பின் மெனுவில் இருந்த வெளிச்ச அமைப்பு இதில் பயன்படவில்லை. வண்ணப்பட்டியலை மாற்றும் பழைய உத்தி செல்லாதபோது, நிரலாளர்கள் வேறொரு வாயிலைத் தேடினர். வீடியோ கார்டு முழுமையாக வரைந்து முடித்த சட்டகத்தை வைத்திருக்கும் நினைவகப் பகுதிக்குப் பிரேம் பஃபர் என்று பெயர். அங்கிருந்து எண்களை எடுத்து மானிட்டருக்கான மின்குறிகையாக மாற்றும் சில்லுக்குள், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 எண்கள் கொண்ட ஒரு மாற்று அட்டவணை இருந்தது. பிரேம் பஃபரில் 40 என்று இருப்பதை மானிட்டருக்கு 80 என்று சொல்ல வேண்டுமானால், அட்டவணையின் 40ஆம் இடத்தில் 80 என்று எழுதினால் போதும். கணக்கிடும் சுமை எதுவுமின்றித் திரை முழுவதும் வெளிச்சமாகிவிடும். இதுவே காமா அட்டவணை. விளையாட்டு மெனுவின் வெளிச்ச அமைப்பு அநேக விளையாட்டுகளில் இதைத்தான் மாற்றி எழுதியது.

1999 டிசம்பரில் வந்த க்வேக் 3 இந்த அட்டவணையை எவ்வளவு நம்பியிருந்தது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் அதன் எஞ்சினை உரிமம் பெற்றுப் பல விளையாட்டுகள் அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தன. பளிச்சென்ற ஒளிக்கு இடம் வைப்பதற்காக, அந்த எஞ்சின் முழுத்திரையில் ஓடும்போது சாதாரண ஒளியில் உள்ள பரப்புகளைப் பாதி மதிப்பிலேயே பிரேம் பஃபரில் வரைந்தது. பிறகு காமா அட்டவணையின் எண்களை இரட்டித்து, திரையில் இழப்பை ஈடுசெய்தது. சாளரத்துக்குள் ஓட்டினால் இந்த ஏற்பாடு தானாக நின்றுவிடும். ஆகவே முழுத்திரையில் ஆடியவரின் பிரேம் பஃபரில் இருந்தது, அவர் கண்ட படத்தின் பாதி வெளிச்சம் கொண்ட ஒரு நிழலுருவே. எஞ்சினை எழுதியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு நிரலே சான்று: அதன் ஸ்கிரீன்ஷாட் பகுதி, பிரேம் பஃபரிலிருந்து எடுத்த எண்களை அதே அட்டவணை வழியாக ஒருமுறை செலுத்திய பின்னரே கோப்பில் எழுதுகிறது. ஆறாண்டுகளுக்கு முந்தைய டூம் செய்யாமல் விட்டதை இது செய்தது. ஆனால் வெளியிலிருந்து வந்து படமெடுக்கும் மென்பொருளுக்கு இந்த உள்விவரம் தெரிய வழியில்லை. ஆஸ்திரேலியாவின் பீபா நிறுவனம் உருவாக்கி 1999 முதல் வழங்கிய ஃபிராப்ஸ் போன்ற பதிவுக் கருவிகள், சட்டகம் வரைந்து முடிந்தவுடன், அட்டவணையைக் கடப்பதற்கு முன்பே அதைப் பிடித்தன. ஆடியவர் கண்டது அட்டவணைக்குப் பின் வந்த படம். கோப்பில் விழுந்தது அதற்கு முந்தைய படம். கருவியிலும் பிழையில்லை, ஆடியவரிடத்தும் பிழையில்லை. படத்தின் கடைசி மெருகு பதிவின் எல்லைக்கு அப்பால் நடந்தது என்பதே காரணம்.

அதே ஆண்டுகளில் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இருளையே ஆட்டத்தின் கருப்பொருளாக்கி வந்தனர். லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் 1998இல் வெளியிட்ட தீஃப் விளையாட்டில் நாயகன் ஒரு திருடன். நிழலில் ஒதுங்குவதே அவன் ஆயுதம். அவன் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறான் என்பதைத் திரையின் கீழே ஒரு மாணிக்கக்கல் காட்டிக்கொண்டிருக்கும். கொனாமி 1999இல் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட சைலண்ட் ஹில், சட்டைப்பையில் செருகிய சிறு டார்ச்சின் ஒளி வட்டத்துக்குள் ஆட்டக்காரரை அடைத்தது. 2004 ஆகஸ்டில் வந்த டூம் 3இல் டார்ச்சையும் துப்பாக்கியையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. பார்ப்பதா சுடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு எவ்வளவு எரிச்சலூட்டியதென்றால், டார்ச்சைத் துப்பாக்கியோடு ஒட்டுநாடாவால் கட்டிவிடுவதாகப் பாவித்து ஆர்வலர்கள் ஒரு திருத்தநிரலே வெளியிட்டனர். 2012இல் வந்த மறுபதிப்பில் நிறுவனமே டார்ச்சைக் கவசத்தில் பொருத்திவிட்டது. சுவீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட அம்னீஷியாவில், விளக்கின் எண்ணெய் தீர்ந்து இருளில் நின்றால் நாயகனின் மனநிலையே குலைந்துவிடும். இவ்விளையாட்டுகளை ஆடுபவருக்கு இருளில் வேறு துணைகள் உண்டு: கையசைவுக்குத் திரை தரும் உடனடி மறுமொழி, முன்பு நடந்து பழகிய வழி, இருட்டறையில் பழகிய கண். பார்வையாளருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பட்டப்பகலில், ஜன்னலோரம், சிறிய சாளரத்தில் ஓடும் காணொளியைப் பார்ப்பவருக்குக் கருமையும் காலடியோசையும் மட்டுமே மிஞ்சின.

கன்சோல்களில் ஆடியோர் வேறொரு வழியில் அதே கருமையை வந்தடைந்தனர். அங்கே பதிவு என்பது விசிஆர் நாடாவிலோ டிவிடி ரெக்கார்டரிலோ கணினியின் கேப்சர் கார்டிலோ டிவிக் குறிகையைப் பிடிப்பதாகும். அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி என்னும் ஒரே ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியபோதும், அமெரிக்க முறையில் கருமை 7.5 அலகிலும் ஜப்பானிய முறையில் 0 அலகிலும் தொடங்கியது. ஒன்றுக்கென அமைத்த கருவியில் மற்றதன் குறிகை நுழைந்தால் படம் சாம்பல் பூத்தது, அல்லது நிழல்கள் வெட்டுண்டன. 1982இல் உருவான டிஜிட்டல் தொலைக்காட்சித் தரம் இன்னொரு வேறுபாட்டைக் கொண்டுவந்தது. 8 பிட் எண்ணில் 0 முதல் 255 வரை இடமிருந்தும், கருமையை 16இலும் வெண்மையை 235இலும் அது நிறுத்தியது. கணினிகளோ 0 முதல் 255 வரை முழுவதையும் பயன்படுத்தின. முழு வீச்சில் எழுதிய படத்தைக் குறுகிய வீச்சுப் படம் என்று எண்ணி விரித்தால், 16க்குக் கீழுள்ள யாவும் ஒரே கருமையாகிவிடும். 30 என்ற மதிப்பு 16க்கும், 40 என்ற மதிப்பு 28க்கும் இறங்கிவிடும். பகற்காட்சியில் இது கண்ணில் படாமலே போகலாம். சைலண்ட் ஹில்லின் மருத்துவமனைத் தாழ்வாரமோ பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 ஆகிய இரண்டும் இந்த வீச்சைத் தேர்வு செய்யும் வசதியைத் தம் அமைப்புகளில் தந்தன. அது டிவிக்குச் சரியாக இருந்தாலும் கேப்சர் கார்டுக்கும் சரியாக இருக்குமென்ற உறுதி இல்லை.

இவ்வாறு இருண்டு வந்த பதிவுகளைச் சீர்செய்யும் வேலை வர்ச்சுவல்டப், அவிசிந்த் என்னும் இரு இலவச மென்பொருள்களின் துணையோடு நடந்தது. வர்ச்சுவல்டப் சாளரமும் பொத்தானும் கொண்டது. அவிசிந்த்தில் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு வரிக் கட்டளையாக எழுத வேண்டும். பழகாதவர் முதலில் நாடியது பிரைட்னஸ் திருத்தத்தை. அது எல்லா எண்களோடும் ஒரே எண்ணைக் கூட்டுவது. 20 கூட்டினால் நிழலில் மறைந்திருந்தது தெரியும். கூடவே முழுக் கருமையும் 20ஆகி, படம் முழுவதும் சாம்பல் படிந்து வெளிறிப்போகும். காண்ட்ராஸ்ட் என்பது எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்குவது. டார்ச்சின் ஒளி வட்டமும் தீப்பந்தமும் அதில் வெந்து வெள்ளையாகிவிடும். கருமையையும் வெண்மையையும் இருந்த இடத்திலேயே நிறுத்தி, இடைப்பட்ட நிழல்களை மட்டும் வளைத்து உயர்த்தும் காமா திருத்தமே இவ்வேலைக்கு ஏற்றது என்பது அனுபவத்தில் நிலைபெற்றது. அவிசிந்த்தின் ‘லெவல்ஸ்’ கட்டளை இதற்கென ஐந்து எண்களைக் கேட்கும்: உள்வரும் கருமை, காமா, உள்வரும் வெண்மை, வெளிச்செல்லும் கருமை, வெளிச்செல்லும் வெண்மை. இரண்டாவது எண்ணில் 1.2 என்றோ 1.5 என்றோ எழுதுவதிலேயே பதிவரின் தேர்ச்சி வெளிப்பட்டது.

அந்த எண்ணை உயர்த்துவதற்கும் ஒரு விலை உண்டு. முழு வீச்சுப் படத்தில் காமாவை 1.5 என அமைத்தால் 0 அப்படியே நிற்கும். 1 என்பது 6 ஆகும். 2 என்பது 10, 3 என்பது 13, 4 என்பது 16 ஆகும். இடைப்பட்ட 7, 8, 9 ஆகிய மதிப்புகள் படத்தில் எங்குமே தோன்றா. சுவரில் மெல்ல மங்கும் விளக்கொளி, திருத்தத்துக்குப் பின் படிப்படியான பட்டைகளாக உடைந்து தெரிவதற்கு இதுவே காரணம். இதற்கான மருந்து மிகப் பழையது. படத்தைக் குறைந்த படிகளில் எழுதும்போது சிறிதளவு ஒழுங்கற்ற இரைச்சலைக் கலந்தால் பட்டைகள் கரைந்து தோன்றும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962இலேயே காட்டியிருந்தார். டித்தரிங் எனப்படும் இந்த உத்தியை அவிசிந்த்தின் துணைநிரல்கள் பின்னர் வெளிச்சத் திருத்தத்தோடு இணைத்தே தந்தன. இங்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. விசிஆர் நாடாவிலிருந்து வந்த பதிவுகளில் இரைச்சல் ஏற்கெனவே மிகுந்திருந்ததால், வெளிச்சத்தோடு அதுவும் பெருகியது; அதைத் துடைத்தால் பட்டைகள் வெளிப்பட்டன, துடைக்காவிட்டால் கோப்பின் அளவு வீங்கியது. மேலும் இக்கட்டளையின் காமா வெளிச்சத்தை மட்டும் உயர்த்தி வண்ணத்தைத் தொடாமல் விட்டதால், திருத்திய படம் வெளுத்துத் தோன்றும். அதை ஈடுகட்ட வண்ணச் செறிவைச் சற்றுக் கூட்டுவது தேர்ந்த கைகளின் வழக்கம். டூம் 3இன் நிழல்களோ எந்தத் திருத்தத்துக்கும் மசியாதவை. அந்த எஞ்சினில் விளக்கு எட்டாத இடம் வெறும் 0. எத்தனை முறை பெருக்கினாலும் சுழியம் சுழியமே.

அடுத்துச் சுருக்கும் கட்டம். எம்பெக்-4, எச்.264 முதலிய முறைகள் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு முக்கியமல்ல என்று கருதும் நுண்வேறுபாடுகளைக் கழித்துவிடுகின்றன. இருண்ட சுவரின் செங்கற்களுக்கிடையே உள்ள வேறுபாடு இரண்டு மூன்று எண்களே என்பதால் முதலில் பலியாவது அதுவே. சுவர் வழவழப்பான கரும்பலகையாகி, கட்டங்களின் விளிம்புகள் மட்டும் நகரத் தொடங்கும். 2000களின் தொடக்கத்தில் பரவிய எக்ஸ்விட் என்கோடரில், மிக இருண்ட பகுதிகளில் கண் குறைவாகவே பார்க்கும் என்ற எண்ணத்தில் அங்கே தரத்தை மேலும் குறைக்கும் ஒரு தேர்வும் இருந்தது. ஓரிரு நிழல்கள் கொண்ட திரைப்படத்துக்கு அந்தக் கணிப்பு பொருந்தியிருக்கலாம். படமே நிழலாக உள்ள ஒரு விளையாட்டுக்கு அது எமனாயிற்று. 2008இல் எக்ஸ்264 என்கோடரில் சேர்க்கப்பட்ட தகவமைத் தரப்பங்கீடு இதை ஏறத்தாழத் தலைகீழாக்கி, வேறுபாடு குறைந்த தட்டையான கட்டங்களுக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்கியது. இருண்ட விளையாட்டுகளின் பதிவுகளில் அதன் பயன் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

வெளிச்சத் திருத்தத்தை ஏன் சுருக்குவதற்கு முன்பே செய்ய வேண்டும், பார்ப்பவர் தன் திரையில் செய்துகொள்ளக் கூடாதா என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. இருண்ட நிலையிலேயே சுருக்கிய படத்தில் செங்கற்களின் வேறுபாடு கழிக்கப்பட்டுவிட்டதால், பிறகு எவ்வளவு உயர்த்தினாலும் கட்டங்களே எழும்பும். 2005இல் தொடங்கிய யூடியூப், ஏற்றப்படும் ஒவ்வொரு கோப்பையும் தன் அளவுக்கு மீண்டும் சுருக்கியதால் இந்த இழப்பு இருமுறை நிகழ்ந்தது. வேக ஆட்டங்களைத் தொகுத்து வைக்கும் ஸ்பீட் டெமோஸ் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகளுக்கோ இது அழகு மட்டும் சார்ந்த விஷயமன்று. க்வேக் பதிவுகளுக்காகத் தோன்றிப் பின்னர் பிற விளையாட்டுகளுக்கும் விரிந்த அத்தொகுப்பில், ஆட்டம் நேர்மையாக ஆடப்பட்டதா என்பதைச் சரிபார்ப்போர் காணொளியைப் பார்த்தே முடிவு செய்தனர்; திரை கருமையாக இருந்தால் சரிபார்க்க ஒன்றுமில்லை.

படைத்தவர் விரும்பிய இருளை மாற்றலாமா என்ற வாதத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். விளையாட்டை உருவாக்கியவர்களே வெளிச்ச அமைப்பை ஆடுபவர் கையில் கொடுத்து, இந்த அடையாளம் தெரியும் வரை உயர்த்துக என்று கேட்டிருக்கையில், பிரேம் பஃபரில் கிடந்த பாதி வெளிச்சப் படத்தை மூலப் படைப்பு என்று போற்றுவதற்கு நியாயமில்லை. ஆடியவர் தன் திரையில் கண்டதே பதிவின் அளவுகோல். அதுவரை உயர்த்துவது மீட்பு, அதற்கு மேல் உயர்த்துவது திரிப்பு. இரண்டாவதும் நடக்காமலில்லை. தீஃப் விளையாட்டின் தெருவை அந்தி வெளிச்சம் போல் ஆக்கிவிட்ட பதிவைப் பார்ப்பவருக்கு, காவலன் இரண்டடி தள்ளி நின்றும் நாயகனைக் காணாதது கேலிக்கூத்தாகத் தெரியுமே தவிர, ஆடியவரின் பதற்றம் சற்றும் புலப்படாது. கண்ணுக்கு உறுத்தாத காணொளியை விரும்பிய பதிவர் பலர் இந்த எல்லையைத் தாண்டினர் என்பதை மறைப்பதற்கில்லை.

2010களில் தொல்லையின் வடிவம் மாறியது. விளையாட்டுகள் காமா அட்டவணையைக் கைவிட்டு, வெளிச்சத் திருத்தத்தைச் சட்டகம் வரையும் கடைசிப் படியிலேயே செய்யத் தொடங்கியதால், 2012இல் வந்த ஓபிஎஸ் முதலிய பதிவுக் கருவிகள் ஆடுபவர் காணும் படத்தையே பெற்றன. மேக் கணினிகள் நெடுங்காலம் பின்பற்றிய 1.8 காமாவை 2009இல் விட்டு 2.2க்கு மாறியதும், படக்குழாய் மறைந்து எல்சிடி நிலைத்ததும், 2011இல் தொலைக்காட்சிகளுக்கு 2.4 என்ற எண் தரமாக எழுதப்பட்டதும் திரைகளுக்கிடையிலான வேறுபாட்டைக் குறைத்தன. பார்க்கும் சூழல் மட்டும் மாறவில்லை. 2019 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர்க் காட்சி எதுவும் தெரியவில்லை என்று உலகெங்கும் எழுந்த முறையீடு, பெரும் பொருட்செலவில் எடுத்த படமும் சுருக்கலிலும் வீட்டு வெளிச்சத்திலும் அதே கதிக்கு ஆளாகும் என்பதைக் காட்டிற்று. எச்டிஆர் என்னும் புதிய முறையில் தொல்லை தலைகீழானது. 10,000 நிட் வரையிலான ஒளியளவை நேரடியாகவே எண்ணாக எழுதும் அம்முறையின் பதிவைப் பழைய முறைப் படமாக எண்ணித் திறந்தால், இருள் கருமையாக இராமல் சாம்பலாக வெளிறித் தெரியும். எனவே இன்றைய பதிவர் வெளிச்சத்தை உயர்த்துவதை விட்டு இறக்குவதில் நேரம் செலவிடுகிறார்.

பழைய பதிவுகளின் நிலை வேறு. வட்டில் இடம் அரிதாயிருந்த காலத்தில் திருத்திச் சுருக்கிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்பதிவை அழித்துவிடுவதே நடைமுறையாக இருந்ததால், அக்காலக் காணொளிகள் அன்றைய பதிவர் ஒருவர் தேர்ந்த காமா எண்ணோடும் அன்றைய என்கோடரின் கழிவுகளோடும் உறைந்துவிட்டன. அவற்றிலிருந்து மூல இருளுக்குத் திரும்ப வழியில்லை. 1994இல் எழுதப்பட்ட ஒரு டூம் எல்எம்பி கோப்பையோ, உரிய விளையாட்டுப் பதிப்பு இருந்தால், இன்றும் விரும்பிய வெளிச்சத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஆகவே இத்தகைய பதிவுகளைக் கையில் வைத்திருப்போர், நாடாவாயினும் சுருக்காத கோப்பாயினும், திருத்திய பிரதியை வெளியிட்ட பின்னரும் மூலத்தை அழிக்காமல் காப்பதும், எந்தத் திருத்தத்தை எந்த எண்ணில் செய்தார்கள் என்பதை ஒரு வரியில் குறித்துவைப்பதும் வேண்டும்.